குளித்துவிட்டு வரச் சொன்ன குளம்

அன்றைக்கு நான் அப்பாவிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரிதான்: "இது எல்லாருக்கும் உள்ள ரூல்தானுங்கப்பா."

சொல்வதற்கு அரை மணி நேரம் இருந்தது. சொல்லவில்லை.

போன கோடையில் அப்பாவும் அம்மாவும் கோயமுத்தூரிலிருந்து என்னோடு இருக்க வந்திருந்தார்கள். நான் வேலை பார்ப்பது ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்தில். கோட்டை, தேவாலயம், மியூசியம் எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டன. (மியூசியத்தில் அப்பாவுக்கு மிகவும் பிடித்தது லிஃப்ட்! பம்ப் கம்பெனியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மோட்டார் சத்தமே கேட்கவில்லையே என்று மூன்று தடவை ஏறி இறங்கினார்.)

வெயில் ஏறிய ஒரு சனிக்கிழமை, "நீச்சல் குளத்துக்குப் போலாமுங்களாப்பா?" என்று கேட்டேன்.

"பொதுக் குளமா கண்ணு?"

"ஆமாங்கப்பா. டிக்கெட் எடுத்தா யாரு வேணா எறங்கலாம்."

"யாரு வேணாலுமா?"

பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அப்பா தாராபுரத்துக்காரர். அமராவதி ஆற்றில் நீந்தி வளர்ந்தவர். நான் வாங்கிக் கொடுத்த நீச்சல் டவுசரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

"ஏனுங்க, அப்படியே சினிமாக்காரராட்ட இருக்கறீங்க!" என்றார் அம்மா.

"சும்மா இரு புள்ள" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டார்.

அம்மா டப்பாவில் அரிசி பருப்பு சாதம் கட்டினார். கிளம்பினோம்.

உடை மாற்றும் அறைகள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. நானும் அம்மாவும் ஷவரில் நனைந்துவிட்டு வெளியே வந்தோம். அந்தப் பக்கக் கதவு வழியாக அப்பா வந்தார். தோளில் துண்டு. தலை காய்ந்திருந்தது. காலையிலேயே வீட்டில் குளித்துவிட்டவர், எதற்கு மறுபடியும் என்று ஷவரைத் தாண்டி வந்திருக்கிறார்.

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி அப்பாவை மட்டும் கை காட்டி நிறுத்தினார். அந்த ஊர் மொழியில் ஏதோ சொல்லி, ஷவர் இருக்கும் பக்கம் விரலை நீட்டினார்.

"என்ன சொல்றாங்க கண்ணு?"

"குளிச்சுட்டு வரச் சொல்றாங்கப்பா."

"நாந்தான் குளிச்சுட்டேனே."

"மறுபடியும் குளிக்கோணுமாம். சோப்புப் போட்டு."

அதைச் சொல்லி முடித்தபோதே அப்பாவின் முகம் மாறியது; ஏன் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் துண்டை நன்றாகப் போர்த்திக்கொண்டு சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க அம்மணி. எனக்குத் தண்ணி குளுரும்."

(மார்கழியில் விடிகாலை ஆற்றில் இறங்குகிறவர்!)

அப்பாவுக்கு ஒன்பது வயதில் நடந்த ஒன்றை அம்மா எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார். தாத்தா கூலி வேலை செய்த தோட்டத்தில் ஒரு கிணறு. எங்கள் சாதி அதில் இறங்கக் கூடாது. வெயில் தாங்காமல் ஒருநாள் அப்பா குதித்துவிட்டார். தண்ணீர் தீட்டாகிவிட்டது என்று மோட்டாரைப் போட்டு, கிணறு வற்றும்வரை இறைத்து ஓடையில் விட்டார்களாம். தாத்தா கைகட்டி நின்று பார்த்தாராம்.

அப்பா இதை வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் உள்ள ரூல் என்று அந்த ஒரு வரியைச் சொன்னால், கிணற்று விஷயம் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அம்மா மெதுவாகக் கேட்டார்.

"ஏன் வரலைன்னு தெரியுமல்ல?"

"தெரியுமுங்கம்மா."

"போய் வெவரஞ் சொல்லு."

"நீங்க சொல்லுங்களேன்."

"நாஞ் சொன்னா, நீ ஏன் அதையெல்லாம் நெனைக்கறேன்னு என்ற மேல பாய்வாரு."

இரண்டு பேருமே போகவில்லை. தண்ணீரில் நின்று அப்பாவைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அந்தக் கையசைப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைக்காரர், பெரிய தொப்பை, அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். தலை காய்ந்திருந்தது. நைசாக ஏணிப் பக்கம் நழுவினார்.

பெண்மணி விட்டாரே விசில்!

பெரியவர் ஏதோ வாதாடினார். பெண்மணி இன்னும் சத்தமாக வாதாடினார். குளமே திரும்பிப் பார்த்தது. கடைசியில் பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே வந்த வழியே திரும்பி, ஐந்து நிமிடத்தில் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

அப்பா முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பேசியதில் ஒரு வார்த்தையும் அவருக்குப் புரிந்திருக்காது.

துண்டை மடித்துப் பெஞ்சில் வைத்தார். எழுந்து ஷவர் பக்கம் போனார்.

திரும்பி வந்தவர் நேராக அந்தப் பெண்மணியிடம் போய், தலையைக் குனிந்து நனைந்த முடியைக் காட்டினார். அவர் சிரித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அடுத்த நொடி அப்பா ஓடி வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு தொப்பென்று குதித்தார்! பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தவர்கள் மேலெல்லாம் தண்ணீர்.

மறுபடியும் விசில்! (குதிக்கவும் கூடாதாம்.)

நான் பதறிக்கொண்டு அவர் பக்கம் போனேன். அப்பாவோ தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கி, "செரிங்க, செரிங்க! சாரிங்க!" என்று அந்தப் பெண்மணிக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மா ஒருத்தரையும் உடறதில்ல போல கண்ணு!"

அம்மா முகத்தைத் தண்ணீரில் முக்கிக்கொண்டார்.

மூடும் நேரம்வரை அப்பா கரையேறவில்லை. டிராமில் திரும்பும்போது, நான் கேட்காமலே, அந்தக் கிணற்றைப் பற்றி முதன்முதலாகத் தன் வாயால் சொன்னார். நாங்கள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டோம்.