ஆறரை பெரிதா, முந்நூற்றெட்டுப் பெரிதா?

என் சித்தப்பா வேட்டைக்குப் போவதென்று முடிவெடுத்தபோது எனக்குப் பத்து வயது. அதுவரை அவர் எதிர்கொண்ட மிகப் பெரிய விலங்கு, கனடாவில் ரெக்ஸ்டேலில் இருந்த எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் அகப்பட்ட ஓர் எலி. அதையும் அப்பாதான் முடித்துவைத்தாராம்.

சித்தப்பாவோடு தொழிற்சாலையில் வேலைசெய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒவ்வொரு நவம்பரும் வடக்கே மான் வேட்டைக்குப் போவார். அவர் கூப்பிட்டதும் சித்தப்பா வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்சும் எடுத்துவிட்டார். மீதி துவக்கு வாங்குவதுதான். அதற்கு முதலில் எந்தத் தோட்டா என்று தீர்மானிக்க வேண்டுமாம். காட்டை வெட்டி மின்கம்பி கொண்டுபோயிருக்கும் நீண்ட வெட்டையில் மான்கள் நானூறு மீற்றர் தள்ளித்தான் நிற்கும், அவ்வளவு தூரம் பிசகாமல் போகிற தோட்டா வேண்டும் என்று அவர் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதமாக விளக்கினார். மாதமுடிவில் எனக்கிருந்த குழப்பம் அவருக்கும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து என்னை ஏற்றவந்தவர், சித்தியையும் என்னையும் அப்படியே துவக்குக் கடைக்குக் கூட்டிப்போனார். சித்தி கனடாவுக்கு வந்து இரண்டு வருடம்தான். ஊரில், சண்டைக்காலம் முழுவதும் வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். சண்டை முடிந்த பிறகு கல்யாணமாகி வந்தவர். தாதி என்றால் காய்ச்சல் பார்ப்பவர், ஊசி போடுபவர் என்பதே என் எண்ணம்.

கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த, பொறுமையான மனிதர். மூன்று தோட்டாக்களைக் கண்ணாடி மேசையில் நிறுத்தினார். ஒன்று முந்நூற்றெட்டு, ஒன்று இருநூற்றெழுபது, மற்றது ஆறரை. ஆறரைதான் காற்றில் குறைவாக விலகும், தூரத்துக்கு நல்லது என்றார். ஆறரை எப்படி முந்நூற்றெட்டை வெல்லும் என்று எனக்கு விளங்கவில்லை. முதல் இரண்டும் அங்குலக் கணக்கு, ஆறரை மில்லிமீற்றர் என்று அவர் சொன்னதும் இன்னும் குழம்பிப்போனேன். சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதுவும் விளங்காதபோது அவர் அப்படித்தான் தலையாட்டுவார்.

சித்தி ஆறரையை எடுத்து நுனியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, அவரிட்டக் கேள். இது உள்ள போய் விரியிற ரவையோ, இல்லாட்டி நேரா ஊடுருவிப் போறதோ?"

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். கடைக்காரர் முதல்முறையாகச் சித்தியை நிமிர்ந்து பார்த்தார். விரியும், அதனால்தான் மான் சட்டென்று விழும் என்றார். அவ்வளவு தூரம் போய் வேகம் குறைந்தாலும் விரியுமா என்று சித்தி கேட்கச் சொன்னார். அவர் சற்று யோசித்து, ஓர் எல்லைக்கு அப்பால் விரியாது, சின்னத் துளையோடு மான் ஓடிவிடும் என்றார்.

"ஓடி எவ்வளவு நேரம் உயிரோட கிடக்கும் எண்டு கேள்."

சிலவேளை மணிக்கணக்காக, என்றார் கடைக்காரர். இப்படிக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்றும், இந்தப் பெண்மணி எங்கே வேட்டையாடினார் என்றும் என்னிடம் விசாரித்தார்.

சித்தியிடம் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியில வேலை செய்தனான் எண்டு சொல்லு."

கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை என்று எனக்குப் பட்டது. வெட்கமாயிருந்தது. அதனால் இலங்கையில் என்று சொல்லிவிட்டேன். என்னென்ன வேட்டையாடினார் என்று கேட்டார். எல்லாம், என்றேன். அவர் சித்திக்கு மரியாதையாகத் தலை தாழ்த்தினார். சித்தியும், எதற்கென்று தெரியாமல், பதிலுக்குத் தாழ்த்தினார்.

சித்தப்பா கடைசியில் ஆறரைதான் வாங்கினார். காரில் வரும்போது சித்தி ஒன்றே ஒன்று சொன்னார்.

"தூரத்தில நிண்டு சுடாதேங்கோ."

உமக்கு இதுகளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க வாயெடுத்த சித்தப்பா, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஏன் நிறுத்தினார் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

நவம்பரில் நான்கு நாள் போய்வந்தார், வெறுங்கையோடு. மான் கொம்பு கொண்டுவருவேன் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்த எனக்கு அழுகை வந்தது. நடந்ததை அவர் கூச்சத்தோடு சொன்னார். வெட்டையின் அந்தத் தொங்கலில், வெகுதூரத்தில், ஒரு மான் பக்கவாட்டில் நின்றதாம். நண்பர் சுடு, சுடு என்றாராம். இவர் குறிபார்த்துக்கொண்டே இருந்துவிட்டாராம். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

சித்தி சிரிக்கவில்லை. "அது நடந்தே போனது?" என்று கேட்டார்.

"ஓம். ஆறுதலாத்தான் போனது. ஒருக்கால் திரும்பியும் பாத்தது."

சித்தி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அப்பாவின் சிரிப்பு நின்றது. யாராவது ஏதாவது சொல்லத்தானே வேண்டும் என்று நினைத்து, நான் அவர் முதுகைத் தடவி, இறைச்சி அடுத்த வருடம் கட்டாயம் கிடைக்கும் என்று ஆறுதல் சொன்னேன்.