பதினைந்து டன் இழுக்கும் வண்டி

செடிக்காரம்மாவின் கணவருக்கு ‘டன்’ என்று பட்டப்பெயர் வைத்தது அவர்கள் பெற்ற மகள்தான். அந்தப் பெரிய பிக்கப் வண்டி வீட்டுக்கு வந்த வாரம் அது. மனிதர் சாப்பாட்டு மேசையில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்துகொண்டு, வண்டி இழுப்பது பதினைந்து டன், முதுகில் சுமப்பது இரண்டரை டன், அதன் சொந்த எடையே கிட்டத்தட்ட நான்கு டன் என்று அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார். “டன், அந்தத் தண்ணி ஜக்கை இப்படித் தள்ளுங்க” என்றாள் மகள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவர் மலர்ந்து சிரித்தார். இந்த ஆளோடு இத்தனை வருடம் எப்படிக் குப்பை கொட்டினோம் என்று அம்மாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஒரு மலைப்பு வந்தது.

செடிக்காரம்மா ஊரின் ஓரத்தில் ஒரு வாடகை நிலத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால்கனியில் பழைய தகர டப்பாக்களில் தொடங்கியது. இப்போது மூன்று பெண்கள் அவரிடம் வேலை செய்தார்கள். வாயில் தயவு தாட்சண்யம் கிடையாது. சூரிய வெளிச்சம் எட்டிப் பார்க்காத மூலைக்கு ரோஜாச் செடி கேட்டு வரும் அலுவலகக்காரர்களிடம், “பிளாஸ்டிக்ல வாங்கிக்கங்க, அது சாகாது” என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிடுவார். அப்படியும் அவர்கள் திரும்பி வந்தார்கள், ஏனென்றால் அவர் கொடுத்த செடி பிழைத்தது.

கணவர் தரை ஓடு விற்கும் கடையில் மேற்பார்வையாளர். அவர் ஒரு நாளில் தூக்கும் அதிகபட்ச எடை, வாடிக்கையாளருக்குக் காட்டும் ஒற்றை மாதிரி ஓடு. ஆனால் கனமான பொருள்கள்மேல் அவருக்கு அப்படி ஒரு மோகம். நீச்சல் தெரியாதவர், கடலின் அடியாழத்திலும் ஓடும் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டியிருந்தார். பனிமலைக்கென்று செய்த கூடாரத்தை ஒரு முறை வாங்கி வந்து வீட்டின் கூடத்திலேயே விரித்தார். உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடிப் படுத்தவர் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் பிக்கப்.

வண்டி வந்த அன்று வாசல் கேட்டுக்குள் அது நுழையவில்லை. பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம். இடுப்பு அகலம் அப்படி. டன் யோசிக்கவே இல்லை, கேட்டின் ஒரு தூணை இடிக்கச் சொன்னார். தூணோடு சேர்ந்து அதை ஒட்டி அம்மா வளர்த்திருந்த ரோஜா வரிசையும் போயிற்று. சரக்கு ஏற்றும் பின்தொட்டிக்கு அவர் ரப்பர் விரிப்பு போட்டார், விரிப்புக்கு மேல் ஒரு மூடி போட்டார், மூடிக்கு ஒரு பூட்டும் போட்டார்.

அடுத்த வாரம் பண்ணைக்கு மண் வர வேண்டியிருந்தது.

“நாப்பது மூட்டை மண்ணு. உங்க வண்டியில ஒரு நடை போட்டா முடிஞ்சுது” என்றார் அம்மா.

“மண்ணா? இதுலயா? ஏம்மா, பெயிண்ட் கீறிடாது?”

“அப்ப எதை ஏத்தறதுக்கு வாங்கினீங்க?”

“ஏத்தறதுக்கா? இதோட திறன்னு ஒண்ணு இருக்கு. அது இருக்கணும். அவ்வளவுதான். உனக்குச் சொன்னாப் புரியாது.”

அம்மா வழக்கமான குட்டி வேனையே வாடகைக்குக் கூப்பிட்டார். கதவைக் கம்பியால் கட்டியிருந்த அந்தக் கிழட்டு வேன், மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று நடை போட்டது. ஒவ்வொரு நடையிலும் அது வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் டன் பஞ்சுத் துணியால் சக்கரத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வேன்காரர் ஒலிப்பானை அடித்துச் சலாம் வைத்தார். டன் ராணுவ அதிகாரிபோலத் தலையை மட்டும் அசைத்தார்.

பதினைந்து டன் என்று அவர் பீற்றிக்கொண்டதிலும் ஒரு ஓட்டை இருந்தது. அவ்வளவு எடையை இழுக்க, தொட்டியின் நடுவில், பின்சக்கரங்களை இணைக்கும் பின்னச்சுக்கு நேர் மேலே கொக்கி பொருத்த வேண்டும். அதற்குத் தொட்டியில் துளை போட வேண்டும். துளை என்ற சொல்லைக் கேட்டாலே டன் காதைப் பொத்திக்கொண்டார். ஆகவே வண்டியின் பின்பக்கக் கம்பியில் இழுவண்டியை மாட்டும் ஒரு சாதாரண இரும்புக் குண்டுதான் இருந்தது, அதையும் ஒரு டென்னிஸ் பந்தால் மூடி வைத்திருந்தார்.

அந்த வண்டியில் உட்கார்ந்து போவதும் ஒரு தண்டனை. பின்னச்சின் அடியில் அடுக்கடுக்காக இரும்புப் பட்டை வில்கள். பாரம் ஏறினால்தான் அவை வளைந்து கொடுக்கும். வெறும் வண்டிக்குக் கட்டைபோல விறைத்து நிற்கும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் அம்மாவின் தலை கூரையைத் தொட்டு வந்தது. “ஹெவி டியூட்டி. அப்படித்தான் இருக்கும்” என்பார் டன், இடுப்பு வலியைப் பதக்கம்போலத் தடவிக்கொண்டு.

சில மாதம் கழித்து வண்டியின் முகப்புப் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. டன் பதறிப்போய், பண்ணையில் இறக்கிவிட வேண்டிய மனைவியையும் சேர்த்து நேரே பட்டறைக்கு ஓட்டினார். மெக்கானிக் ஒரு சின்னக் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“தினம் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க சார்?”

“கடைக்குப் போவேன், வருவேன். பக்கந்தான்.”

“பின்னாடி என்ன பாரம் ஏத்துவீங்க?”

“பாரமெல்லாம் எதுவும் இல்ல.”

“அதான் விஷயம். டீசல் புகையில வர்ற கரியைப் புடிச்சு வைக்க, புகைக்குழாய்ல ஒரு வடிகட்டி இருக்கு சார். வண்டி நல்லாப் பாரம் இழுத்துச் சூடாச்சுன்னா அந்தக் கரி தானா எரிஞ்சு போயிடும். நீங்க அதைச் சூடாகவே விடல. அடைச்சுக்கிச்சு.”

“அப்ப கோளாறா?”

“கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா இருந்தே சீக்கு வந்திருக்கு. இப்ப எரிச்சு விடறேன். இனிமே வேலை குடுங்க.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அந்த வண்டியைக் கண்டாலே அவருக்கு எரிச்சலாக இருந்தது. அன்றுதான் அதன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. வண்டி என்ன பாவம் செய்தது? மலையைப் பெயர்க்கப் பிறந்துவிட்டு, இந்த மனிதரின் கையில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது.

மருந்தாக மண் மூட்டையை ஏற்றலாம் என்றார் அம்மா. டன்னுக்கு அது கௌரவக் குறைச்சல். அவருடைய தங்கையின் கணவர் வீடு கட்டும் தொழிலில் இருந்தார். மலைச்சரிவுக்கு அந்தப் பக்கம் அவருக்குப் புதிதாக ஒரு வேலை. மண் தோண்டும் சின்ன இயந்திரம் ஒன்றை அங்கே கொண்டுபோக வேண்டும். “நான் இழுத்துட்டு வரேன் மாப்பிள்ளை” என்று டன் தொலைபேசியில் முழங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவரையும் முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு போனார்.

இயந்திரத்தை, பிக்கப்பின் பின்னால் மாட்டிய இழுவண்டியில் ஏற்றினார்கள். அதன் கனமான பின்பாகம் இழுவண்டியின் வாலில் உட்கார்ந்திருந்தது. கட்டடக்காரர் சுற்றி வந்து பார்த்தார்.

“மச்சான், இன்னும் கொஞ்சம் முன்னாடி ஏத்திடலாம். பின்னாடி கனம் ஜாஸ்தியா தெரியுது.”

“அட, இதெல்லாம் ஒரு கனமா மாப்பிள்ளை? இது ஹெவி டியூட்டி. பின்னாடி ஒண்ணு தொத்திக்கிட்டு வருதுன்னே இதுக்குத் தெரியாது.”

“இல்ல மச்சான், கனம் எவ்வளவுங்கிறது இல்ல, எங்க உக்காருதுங்கிறதுதான்...”

“நீ பின்னால கார்ல வா. பாத்துட்டு மட்டும் வா.”

ஏற்றத்தில் வண்டி அலட்டிக்கொள்ளவே இல்லை என்பதை அம்மாவே ஒப்புக்கொண்டார். அவ்வளவு எடையை இழுத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் உறுமியபடி ஏறியது. உச்சியைத் தாண்டி இறக்கத்தில் டன் வேகத்தைக் குறைக்கவில்லை. பேச்சு வேறு. முறுக்கு விசை என்றால் என்ன என்று மனைவிக்குக் கையை விரித்து விளக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் இருக்கை லேசாக இடப்பக்கம் போனது, பிறகு வலப்பக்கம். கண்ணாடியில் இழுவண்டி ஒரு பக்கம் எட்டிப் பார்த்தது. அடுத்த நொடி மறு கண்ணாடியில் எட்டிப் பார்த்தது. வாலில் இருந்த கனம் கொக்கியை மேலே தூக்க, பிக்கப்பின் பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்து மிதந்தன. டன் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டினார். ஆட்டம் இரண்டு மடங்கானது. அம்மா கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். சாலையின் ஓரத்தில் தடுப்புச் சுவர் முழங்கால் உயரம்தான்.

அப்போது முகப்புப் பலகையில் ஒரு குறி பளிச் பளிச்சென்று மின்னியது. எஞ்சினின் உறுமல் தானாக அடங்கியது. அடியில் எதுவோ ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து விட்டது, உடனே இன்னொரு சக்கரத்தைப் பிடித்தது, பின்னால் இழுவண்டியின் பிரேக்கும் கடகடவென்று பிடித்தது. ஆட்டம் பாதியாகி, கால்வாசியாகி நின்றது. வண்டி செய்தவர்களுக்கு டன் மாதிரி ஆட்கள் ஓட்டுவார்கள் என்று முன்பே தெரிந்திருக்கிறது. அதற்கும் சேர்த்து ஒரு மூளையை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

ஓரமாக நிறுத்தியபோது டன்னின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. தோளில் கை வைக்கக்கூடப் போனார். அதற்குள் அவர் வாயைத் திறந்துவிட்டார்.

“பாத்தியா? எப்படிப் புடிச்சு நிறுத்தினேன்!”

அம்மாவின் கை பாதி வழியில் நின்றது.

“எறங்குங்க.”

“எதுக்கு?”

“எறங்குங்கன்னேன்ல.”

பின்னால் காரில் வந்த கட்டடக்காரர் வெளிறிப்போய் ஓடி வந்தார். “அக்கா, அடி எதுவும் படலையே?” என்று கேட்டுவிட்டு மச்சானைப் பார்த்தார்; பிறகு பார்க்காததுபோல இருந்தார். அம்மா அவரிடம், “தம்பி, நீங்க சொன்ன மாதிரி அதை முன்னாடி நகத்திக் கட்டுங்க. நான் ஓட்டறேன்” என்றார். கட்டடக்காரர் இயந்திரத்தை உயிர்ப்பித்து, இழுவண்டியின் மேலேயே ஒரு முழம் முன்னே நகர்த்தி, சங்கிலியை இறுக்கினார். பிக்கப்பின் பின்பாகம் கண்ணுக்குத் தெரியவே தணிந்து உட்கார்ந்தது.

அம்மாவுக்குக் காரும் வேனும் ஓட்டிப் பழக்கம் உண்டு. இவ்வளவு பெரியதைத் தொட்டதில்லை. பயமாகத்தான் இருந்தது. கட்டடக்காரர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, பாரம் இழுப்பதற்கென்று இருந்த பொத்தானையும் எஞ்சின் பிரேக்கையும் அழுத்திக் காட்டினார். அதன் பிறகு இறக்கம் முழுவதும் வண்டி கால் பிரேக்கை அதிகம் கேட்கவில்லை. வெளியேறும் புகையையே நெரித்து, அந்த நெருக்கலில் எஞ்சின் அத்தனை எடையையும் பிடித்துக்கொண்டு இறங்கியது. அம்மா நடை வேகத்தில்தான் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஒலிப்பானை அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். பக்கத்து இருக்கையில் டன் இருமினார், கண்ணாடியைச் சரிசெய்தார், “மூணாவது கியர்ல போ” என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேலை நடக்கும் இடத்தில் இறங்கியதும் அவருக்கு வாய் திரும்பிவிட்டது. தொழிலாளிகளைச் சுற்றி நிறுத்தி, வண்டி எப்படித் தடுமாறியது, தாம் எப்படிப் பிடித்தோம் என்று நடித்தே காட்டினார். தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதையில் ஒரு வளைவு சேர்ந்திருந்தது. மறுநாள் ஓட்டுக்கடைக்குப் போனபோது எதிரே ஒரு லாரியும் வந்துவிட்டது. மனைவி ஓட்டிய பாதி வழியைத்தான் காணோம்.

ஆனால் மறுநாள் அந்தக் கதை கடைக்குப் பேருந்தில்தான் போனது. காலையில் டன் கிளம்பி வந்தபோது சாவி அம்மாவின் கையில் இருந்தது. பின்தொட்டியின் மூடி கழன்று சுவரில் சாய்ந்திருந்தது.

“இதென்ன?”

“மெக்கானிக் சொன்னது மறந்து போச்சா? வேலை குடுக்கப் போறேன்.”

“கீறல் விழும்மா...”

“விழட்டும். பண்ணையில எல்லாத்துக்கும் கீறல் இருக்கு. என் கையைப் பாருங்க.”

டன் கையைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். அன்று புதிதாக வாங்கிய நாற்பது மூட்டை மண்ணும் ஒரே நடையில் வந்து சேர்ந்தது. மறுநாள் ஜல்லி, அதற்கடுத்த நாள் வேரோடு பெயர்த்த மரக்கன்றுகள். மஞ்சள் விளக்கு அதற்குப் பிறகு எரியவில்லை. மாலையில் டன் துக்க வீட்டுக்கு வந்தவர்போல வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கீறலையும் விரலால் தடவிப் பெருமூச்சு விட்டார். கொஞ்ச நாளில் அந்தப் பெருமூச்சும் ஓய்ந்தது. இப்போது கடையில், “எங்க வண்டி நேத்து எவ்வளவு இழுத்துச்சு தெரியுமா?” என்று புதிய கணக்குச் சொல்கிறார். பாரமே தன் முதுகில் ஏறியதுபோலத் தோளை வேறு சுழற்றிக் காட்டுகிறார்.

அம்மாவிடம் ஒரு ரகசியம் உண்டு. அந்த உயரமான இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பும்போது அவருக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருக்கும். சின்னக் கார்கள் வழிவிட்டு ஒதுங்கும்போது இன்னும் கூடுதலாக. இதைக் கணவரிடம் செத்தாலும் சொல்வதாக இல்லை. சொன்னால், “நான் அப்பவே சொல்லல?” என்று ஆரம்பித்துவிடுவார்.

போன சனிக்கிழமை அம்மா பண்ணையின் குறுகலான சந்தில் ஒரு வாடகை இழுவண்டியைப் பின்னோக்கி நுழைத்துக்கொண்டிருந்தார். டன் பின்னால் நின்று, விமான நிலைய ஊழியரைப்போல இரண்டு கைகளையும் வீசினார்.

“லெஃப்டு! லெஃப்டு! உன் லெஃப்டு இல்ல, என் லெஃப்டு!”

வேலை செய்யும் மூன்று பெண்களும் தொட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிரித்தார்கள். அம்மா ஜன்னல் கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிட்டு, பக்கக் கண்ணாடியில் தெரிந்த வேலியை மட்டும் பார்த்தபடி இழுவண்டியை ஒரே வீச்சில் உள்ளே தள்ளி நிறுத்தினார். வெளியே டன், கடைசியாக ஒரு முறை கையை உயர்த்தி, நிறுத்தலாம் என்று அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார்.