நாற்பது வெள்ளைப் பொதிகள்

வெள்ளைச் சட்டையில் கறை எடுப்பதில் கஜலக்சுமியை மிஞ்ச அந்த மண்டபத்தில் ஆளில்லை. கொலரில் படிந்த மஞ்சள், கைமடிப்பில் ஊறிய கோப்பி, கக்கத்து வியர்வை, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. சுவிஸின் பாடன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பத்தொன்பது வருடம் தரை துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றிப் படித்த வைத்தியம். முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகு, ஐம்பத்தேழு வயதில், உதவிப்பணம் கொடுக்கும் 'சோசியல்' அலுவலகம் அவரை இங்கே அனுப்பியிருந்தது. உதவிப்பணம் வாங்குகிறவர் வீட்டில் சும்மா இருக்கக்கூடாது. எங்காவது வேலை பழக வேண்டும். இந்த வயதில் வேலை பழகுவதை நினைத்து முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

மண்டபம் என்பது ரயில்பாதை ஓரத்தில் ஒரு பழைய தொழிற்சாலையின் கீழ்த்தளம். ஊர்ச் சனம் பைகளில் கட்டிக் கொடுக்கும் பழைய உடுப்புகள் அங்கே கொட்டப்படும். நல்லவை இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு, பழைய சாமான்களை மலிவாக விற்கும் மேல்தளத்து 'புரொக்கி' கடைக்கு. மற்றப் பங்கு ஆபிரிக்காவுக்கு. சாம்பியாவில், தார் வீதியே போய்ச் சேராத சில கிராமங்களில், கணவனை இழந்த நாற்பது பெண்களுக்கு அந்த மண்டபத்தை நடத்தும் சிறு சங்கம் உதவி செய்து வந்தது. தையல் மெசின், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சாமான், வருடத்துக்கு இரண்டு தடவை உடுப்புப் பொதி. பொதி ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அட்டையில் பெண்ணின் பெயர், வயது, உடம்பின் அளவு, பிள்ளைகள் எத்தனை, என்ன தொழில் என்று எழுதியிருக்கும்.

அந்தப் பொதிகளைக் கட்டும் வேலையைக் கஜலக்சுமி கேட்டு வாங்கியிருந்தார்.

"உங்களுக்கு ஏனக்கா இந்தக் கரைச்சல்?" என்று பிரபாலினி கேட்டாள். அவளும் சோசியல் அனுப்பிய ஆள்தான். முப்பத்தெட்டு வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள், கொஞ்சம் நீளமான நாக்கு. "புரொக்கிக்குப் பிரிச்சால் நிண்டபடி செய்யலாம். இது முழுக்கக் குனிவு."

"குனிஞ்சு பழகின உடம்படி. நிமிர்ந்தால்தான் நோகும்."

"அப்ப நாங்கள் நிமிர்ந்து நிக்கிறமாக்கும்!"

உண்மையான காரணத்தை அவர் சொல்லவில்லை. விதவைக்கு என்ன அனுப்ப வேண்டும் என்பது மண்டபத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நம்பினார்.

அவருடைய கணவர் குகநாதன் ஆறு வருடத்துக்கு முன் உணவகச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றபடியே சரிந்தவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் கஜலக்சுமி தன் நிறச் சேலைகளை நான்கு பைகளில் கட்டி, தெருமுனையில் நிற்கும் பழைய உடுப்புப் பெட்டிக்குள் போட்டார். போடும்படி யாரும் சொல்லவில்லை. "இப்ப ஆரக்கா இதெல்லாம் பாக்கினம்?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அப்படிக் கேட்ட பெண்களே அடுத்த கலியாணத்தில் ஆரத்தித் தட்டு அவர் பக்கம் வந்தபோது, கதையை நிறுத்தாமல், அவர் தலைக்கு மேலாக மற்றக் கைக்கு மாற்றினார்கள். ஒருவர் முகத்திலும் கோபமோ இளக்காரமோ இருக்கவில்லை. தட்டு மட்டும் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு அவர் கலியாணங்களுக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போவார். உடுப்பு எப்போதும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும்.

ஆகவே மேசையில் ஒரு சிவப்புச் சட்டை வந்து விழுந்தால் அவர் இப்படி யோசித்தார்: இதை ஒரு விதவைக்கு அனுப்பினால் அவள் என்ன செய்வாள்? போட்டால் ஊர் கதைக்கும். போடாவிட்டால் பெட்டிக்குள் வைத்து எடுத்து எடுத்துப் பார்ப்பாள். இரண்டும் வதைதான். அந்த வதையை நாங்கள் ஏன் கப்பல் ஏற்றி அனுப்ப வேண்டும்? சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது எல்லாவற்றையும் அவர் புரொக்கிப் பெட்டிக்குள் தள்ளினார். பொதிக்குள் வெள்ளை, சாம்பல், கடும் நீலம். மிஞ்சினால் மண்ணிறம்.

வெள்ளைதான் வேலை வைக்கும். மண்டபத்து மெசினில் போகாத கறையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய கட்டடத்தின் நிலவறைச் சலவை அறையில் அவருக்கு இரண்டு கிழமைக்கு ஒருநாள்தான் முறை. அந்த முறைநாளில் தன் உடுப்பைத் தள்ளி வைத்துவிட்டு, முகம் தெரியாத நாற்பது பேரின் வெள்ளையைத் தோய்த்தார். ஸ்திரி போட்டு, ஓரத்தோடு ஓரம் பொருந்த மடித்து, பொதிக்குள் அடுக்கினார்.

"பெரிய ஹோட்டல் விரிப்புகள் மாதிரி இருக்கின்றன," என்றார் மண்டபத்துப் பொறுப்பாளரான சுவிஸ் பெண்மணி ஃப்ராவ் எகர். அதோடு இன்னொன்றும் சொன்னார். சித்திரையில் மண்டபத்தில் ஒரு நிரந்தர வேலை வருகிறது. பாதி நாள் வேலை, இருந்தபடி செய்யலாம். கஜலக்சுமியையும் பிரபாலினியையும் மனதில் வைத்திருக்கிறேன் என்றவர், பேசி முடியும்வரை கஜலக்சுமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வேலை கிடைத்தால் மாதம் ஒருமுறை சோசியல் மேசைக்கு முன்னால் போய் இருக்கத் தேவையில்லை. மகள் வயதிலுள்ள ஒருத்தி, இந்த மாதம் எத்தனை இடத்தில் வேலை கேட்டாய் என்று விசாரிக்க, தாளை நீட்டத் தேவையில்லை. கஜலக்சுமிக்கு அது போதும். வேறு பெரிய ஆசை எதையும் அவர் வைத்திருக்கவில்லை.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்துமணித் தேநீர் நேரத்தில், ஃப்ராவ் எகர் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். திரையில் எஸ்தர். அந்தக் கிராமங்களில் சங்கத்தின் வேலைகளைப் பார்க்கும் பெண்; அவளும் கணவனை இழந்தவள்தான். மஞ்சளும் பச்சையுமாகப் பெரிய பூக்கள் போட்ட சட்டையும், அதே துணியில் தலைக்கட்டும் அணிந்திருந்தாள். இலையுதிர் காலத்தில் அனுப்பிய பொதிகள் போய்ச் சேர்ந்துவிட்டன. எஸ்தர் ஆங்கிலத்தில் சொல்ல, ஃப்ராவ் எகர் ஜெர்மனில் சொன்னார்.

"மிகவும் நன்றி என்கிறாள். இவ்வளவு சுத்தமான உடுப்பை அவர்கள் கண்டதில்லையாம். ஆனால் பொதிகளைத் திறந்ததும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். பிறகு ஒரு கிழவி, 'இப்போது யார் செத்தது?' என்று கேட்டாளாம்."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. எஸ்தரும் சிரித்தாள். பிறகு விளக்கினாள். எங்கள் ஊரில் புருசன் செத்தால் ஒரு வருடம் இப்படி நிறமில்லாத துக்க உடுப்பு. வருடம் முடிய உறவுகள் வந்து அதைக் களைந்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு அதைப் போட்டால், வீட்டில் புதிதாக ஒரு சாவு என்று அர்த்தம். சந்தையில் தக்காளி விற்கும் ரூத் உங்கள் வெள்ளையைப் போட்டுக்கொண்டு போனாள். சனம் தள்ளி நின்றது. தக்காளி அப்படியே திரும்பி வந்தது. மற்றவர்கள் அதை வெட்டிப் பிள்ளைத்துணி தைத்துவிட்டார்கள். நல்ல துணி, குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்தமுறை கொஞ்சம் நிறம் இருந்தால்...

ஃப்ராவ் எகர் கைகளை விரித்தார். "நாங்கள் என்ன செய்வது? சுவிஸ்காரர் போடுவதே இதைத்தான். காலையில் சூரிச் ரயிலைப் பாருங்கள், முழுப்பேரும் செத்தவீட்டுக்குப் போகிற மாதிரி இருப்பார்கள். நிறம் வருவதில்லை என்று எஸ்தருக்கு எழுதிவிடுகிறேன்."

கஜலக்சுமியின் தேநீரில் ஆடை படர்ந்தது. எதிரே இருந்த பிரபாலினி அவரையே பார்த்தாள். நிறப் பெட்டிகளை மேல்தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தானே.

கழுவுமிடத்தில் கோப்பையை வைக்கும்போது பிரபாலினி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, வாயைத் திறந்துபோடாதேங்கோ. அவவே ஒரு காரணம் சொல்லிப்போட்டா. அது அப்பிடியே கிடக்கட்டும்."

"நான் சொன்னால் வேலை உனக்குத்தானே. உனக்கேன் இந்தக் கவலை?"

"அதுதான் எனக்குப் பயம். பிறகு நான்தான் போட்டுக் குடுத்தனெண்டு பாடன் முழுக்கக் கதைப்பினம்."

"கதைக்கிறவைக்கு வேற என்ன வேலை?"

"வியாழக்கிழமை லொறி வருது. போகட்டும் விடுங்கோ. அடுத்த முறைக்கு நிறமாப் போடுவம். முடிஞ்சுது."

மண்டபத்தின் கடைசியில் இளவேனில் பொதிகள் நாற்பதும் மரத்தட்டுகளில் அடுக்கி நின்றன. பட்டி இறுக்கும் சிவபாதம் திங்கட்கிழமையே கட்டி முடித்திருந்தார். எல்லாம் வெள்ளையும் சாம்பலும். கஜலக்சுமி அதன் முன்னால் போய் நின்றார். முதலில் அவர் மனதில் வந்தது நிரந்தர வேலை அல்ல, முழங்கால். நாற்பதையும் அவிழ்த்து, பிரித்து, திரும்பக் கட்டுவதென்றால் இந்த முழங்கால் எந்தத் தெய்வத்திடம் போகும்?

மேலே கிடந்த அட்டை ரூத்தினுடையது. வயது முப்பத்தொன்று, பிள்ளைகள் நாலு, தக்காளி வியாபாரம். இலையுதிர் காலத்திலும் இதே அட்டையை வாசித்திருக்கிறார். ஐயோ, முப்பத்தொரு வயதுப் பிள்ளை, இவளைத்தான் ஊர் கூடுதலாகக் கதைக்கும் என்று நினைத்து, இருந்ததில் நல்ல வெள்ளையை அவளுக்கென்று தேடி எடுத்துவைத்தார். சனம் எப்படித் தள்ளி நின்றிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். கதையை நிறுத்தாமல், அடுத்த கூடைக்குப் போயிருப்பார்கள். இந்தமுறை ஆரத்தித் தட்டை மாற்றிய கை தன்னுடையது.

அவர் ஃப்ராவ் எகரின் அறைக் கதவைத் தட்டினார். அவருடைய ஜெர்மன் எப்போதும் குட்டை வசனம்தான்.

"நிறம் வந்தது. நான் எடுத்தேன்."

"எடுத்து எங்கே வைத்தீர்கள்?"

"மேலே. புரொக்கி."

"எல்லாவற்றையுமா?"

"எல்லாம்."

ஃப்ராவ் எகர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"எங்களிடம் விதவை நிறம் போடுவதில்லை."

ஃப்ராவ் எகரின் பார்வை அவருடைய சாம்பல் கம்பளிச் சட்டைக்கு வந்து, அங்கே கொஞ்சம் நின்றது. கடைசியில், "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார்.

"தெரியாவிட்டால் கேட்பேன். இது தெரியும் என்று நினைத்தேன்."

"எஸ்தருக்கு நான் இப்போதுதான் எழுதி அனுப்பினேன். சுவிஸ்காரர் எல்லோரையும் குற்றம் சொல்லி." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "லொறியை மாற்ற முடியாது. பாசல் நகரத் துறைமுகத்தில் கொள்கலன் காத்திருக்கிறது. நாளை ஒருநாள்தான் இருக்கிறது."

"செய்வேன்."

புதன்கிழமை காலை சிவபாதம் கத்தரிக்கோலோடு வந்தார். "திங்கக்கிழமை கட்டச் சொன்னியள், புதன்கிழமை வெட்டச் சொல்லுறியள். அரசாங்க வேலை மாதிரியெல்லோ கிடக்கு, தங்கச்சி."

"வெட்டுங்கோ அண்ணை. பேச்சையும் சேத்து வாங்கிறன்."

புரொக்கியில் நிறங்களில் பாதி விற்றுப்போயிருந்தன. மிச்சத்தைப் பிரபாலினி கீழே தூக்கிவந்தாள். போதாததற்குப் புதிய மூட்டைகளை அவிழ்த்தார்கள். கஜலக்சுமியைப் பிரபாலினி முக்காலியில் இருத்தி, ஒவ்வொரு பொதியாக அவர் காலடிக்குத் தள்ளிவிட்டாள். ஆனால் நிறம் தேர்வது கையில் வரவில்லை. ஆறு வருடமாக அந்தக் கண் மூடியிருந்தது. ஒரு மஞ்சள் சட்டையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அவைக்கு எடுக்குமோடி? கறுத்த உடம்பல்லோ."

"நாங்களென்ன பாலிலயோ குளிக்கிறம்? உங்களில வைச்சுப் பாருங்கோவன்."

"உன்னில வைச்சுப் பாப்பம். வா, இஞ்ச நில்."

அப்படியே அன்று முழுவதும் பிரபாலினி நின்றாள். அட்டையை வாசிப்பது, சட்டையை அவள் தோளில் பிடிப்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, பொதிக்குள் வைப்பது. "எனக்கு ஒருத்தரும் இப்பிடிப் பாத்து எடுத்துத் தரேல்லை," என்றாள் ஒரு தடவை. "கை நோகுது, கதையைக் குறை," என்றார் கஜலக்சுமி. ரூத்தின் பொதிக்குள் வெண்புள்ளி போட்ட சிவப்புச் சட்டை ஒன்று போனது. ஐந்து மணிக்குள் நாற்பதும் முடிந்தன. எழும்ப முடியாமல் இருந்தவரைச் சிவபாதமும் பிரபாலினியும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். வியாழக்கிழமை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

சித்திரையில் நிரந்தர வேலை பிரபாலினிக்குக் கிடைத்தது. கஜலக்சுமிக்கு வந்த கடிதத்தில் அவருடைய உழைப்புக்கு நன்றி, வேலைப்பழக்கம் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது, முடிவெடுக்கும்முன் கலந்து பேசும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அவர் அதை இரண்டுமுறை வாசித்து, சோசியல் மேசையில் காட்டும் தாள்களோடு வைத்தார்.

பிரபாலினி இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் உளுந்துவடை கொண்டுவந்து, முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உப்புக் காணாது," என்றார் கஜலக்சுமி, இரண்டாவது வடையை எடுத்தபடி.

பொதிகள் இப்போது பிரபாலினியின் பொறுப்பு. சந்தேகம் வந்தால் மண்டபத்தின் மற்ற முனையிலிருந்து கத்துவாள்: "அக்கா, இந்தப் பச்சை பொதிக்கோ, புரொக்கிக்கோ?"

"என்னைக் கேளாதை. எஸ்தரைக் கேள்."

வெள்ளை முழுவதும் புரொக்கிக்குப் போகிறது. கறை எடுப்பது இன்னும் அவர்தான். ஆனால் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. நிலவறைச் சலவை அறையில் தன் முறைநாள் வந்தால் தன்னுடைய உடுப்பைத் தோய்க்கிறார். எல்லாம் சாம்பலும் கறுப்பும்தான் என்பதால், ஒரே தடவையில் முடிந்துவிடுகிறது.