கிழிக்காத புதன்கிழமை

“புதன், ஆடி கடைசி வாரம், காலை 6.40. நேற்று மாலை மாத்திரை போட்டுக்கொண்டதாகத் தானே வந்து சொன்னார். உட்கார வைத்தோம்.”

எங்கள் பதிவேட்டில் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. இதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற இன்றும் சம்மதிக்க மாட்டேன்.

ஆரணியில் பழைய தறிக்கூடம் ஒன்றில் தினமும் காலையில் கூடுகிறோம். குடியையோ போதை மாத்திரையையோ விட்டவர்கள், விட முயல்பவர்கள். மருந்து தேவைப்படுகிறவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். மற்றதை ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்கிறோம். மூச்சைக் கவனித்துச் சற்று நேரம் அமர்வோம். பிறகு புத்தர் வகுத்த ஐந்து சீலங்கள் என்ற ஒழுக்க உறுதிகளை அந்த ஒரு நாளைக்கு மட்டும் ஏற்பதாகச் சொல்வோம். ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவரும் சொல்கிறார், விபூதி பூசியவரும் சொல்கிறார். வழுக்கியவர் மறுநாள் வந்தால் கதவைத் திறக்க வேண்டும். வந்தவர் நடந்ததை மறைக்கக் கூடாது. வேறு விதி இல்லை. நாளும் நேரமும் குறிப்பது என் வேலை. என்னுடைய இரண்டு சறுக்கல்களும் அதில் இருக்கின்றன.

அந்தப் புதன்கிழமைக்காரர் பட்டு நெசவாளர். குழித்தறியில் உட்கார்ந்து வந்த இடுப்பு வலிக்கென்று தொடங்கிய மாத்திரை. முள்ளிப்பட்டு முதலாளி நெய்யக் கொடுத்த பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலை, பாதி நெய்த நிலையில் விட்டுவிட்டுக் காணாமல் போனார். அதிலிருந்து அந்த முதலாளி அவருக்கு வேலை தருவதில்லை. ஐப்பசியில் முதலாளியிடமிருந்து ஆள் வந்தது: அவர் எங்களிடம் சேர்ந்த சித்திரையிலிருந்து ஒரு நாளும் தப்பாமல் மாத்திரையை விட்டிருப்பதாக எங்கள் நோட்டில் இருந்தால் பாவு உண்டு.

நெசவாளர் என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

“அந்த ஒரு பக்கத்த கிழிச்சிடு ணா. யாருக்குத் தெரியப் போவுது?”

“நாலாவது சீலம் இன்னா?”

“பொய் சொல்லக் கூடாது. தெரியும் ணா! சீலம் சொல்லிகினே இருந்தா வீட்ல அடுப்பு எரியுமா?”

 நான் கிழிக்கவில்லை. மறுநாள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இருவரும் முள்ளிப்பட்டுக்குப் போனோம். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

முதலாளி முன்னால் அந்தப் பக்கத்தை நானே திறந்து வைத்தேன்.

“இதான் தப்பாத ஆளா?” என்று சிரித்தார். “மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா? சாமர்த்தியம் பத்தலியே உங்களுக்கு.”

“மறைச்ச நோட்டு உங்களுக்கு எதுக்குங்க?” என் குரல் உயர்ந்துவிட்டது. “பாவு குடுக்கறது உங்க இஷ்டம். நாங்க இப்படித்தான் எழுதுவோம். மறுநாளே ஆறு நாப்பதுக்கு வந்து நின்னாரே, அதையும் படிங்க.”

நெசவாளர் நிமிர்ந்தார். “நெய்யும்போது இழை அறுந்தா முடிச்சுப் போடறோம் முதலாளி. அதுக்கோசரம் பாவையே கொளுத்திடறோமா? அதோ தறியில புணைக்காத பாவு கெடக்குது. என் கையப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

தறியில் தீர்ந்த பாவின் முனைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பதுதான் புணைப்பு. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான இழைகளையும் கையாலேயே முறுக்க வேண்டும். நடுங்குகிற விரலுக்கு அது வராது. அவர் உட்கார்ந்தார். முதலாளி நாற்காலியைத் தறியருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். இரவு நானும் அங்கேயே தங்கினேன். வேலை மறுநாள் மதியம் முடிந்தது. முதலாளி உள்ளங்கையால் பாவை நீவிப் பார்த்தார். ஓர் இழையும் விடவில்லை.

“நாளைக்கு வந்து இதே தறியில குந்து,” என்றவர், போகப் புறப்பட்டவரை நிறுத்தினார். “அன்னிக்கு மீதி மாத்திரைய இன்னா பண்ண?”

“கால்வாய்ல வீசிட்டேன்.”

“யார் பாத்தது?”

“யாரும் பாக்கல.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “அதையும் எழுதுய்யா. பெரிசா நோட்டு வச்சிகினு இருக்கியே.”

அங்கேயே எழுதினேன். ஆடி மாதக் குறிப்பின் கீழே அது இன்றும் இருக்கிறது: “மீதியைக் கால்வாயில் வீசியதாகச் சொல்கிறார். சாட்சி இல்லை. சரிபார்க்கப்படவில்லை.”