அக்காவுக்குக் கேட்கும் போன்

போன வாரம் என் மகள் என் கைப்பேசியில் பேசுவதற்கு மூன்று வசதிகளைப் போட்டுக் கொடுத்தாள். மூன்றும் இன்டர்நெட்டில் போகிறவை. பெயரெல்லாம் எனக்கு மனசில் நிற்காது. ஒன்று பச்சை, ஒன்று நீலம், இன்னொன்று அவள் ஆபீஸ் கூட்டத்துக்கு வைத்திருக்கும் ஊதா. சிலிம் ரிவரில் மகளோடு இருக்கும் என் அக்காவிடம் பேச எது நல்லது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

பச்சையில் என் குரல் விட்டுவிட்டுப் போனது.

"நீங்க ரொம்ப மெதுவா பேசுறீங்க லா. காத்தாடி சத்தம்னு நெனச்சு அது அமத்திருதும்மா" என்றாள் மகள்.

ஊதாவில் சுத்தமாகக் கேட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் கூட்டத்துக்கு அழைப்பது போல ஏதோ அனுப்ப வேண்டுமாம். நீலத்தில் பேச்சு கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. வீட்டு போனிலேயே பேசிவிடலாமே என்றேன். அவள் சிரித்தாள்.

"அதுவும் இப்ப இன்டர்நெட் பெட்டியிலதான் ஓடுது. கரண்ட் போனா அதுவும் செத்துரும்."

பழைய போன் அப்படி இல்லை. எங்கள் குனோங் ராபாட் வட்டாரம் முழுக்க இருட்டாகக் கிடந்தாலும் காதில் வைத்தால் அது மட்டும் இரைந்துகொண்டிருக்கும். நான் எழுந்து போய் அந்த இன்டர்நெட் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். லேசாகச் சூடாக இருந்தது.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்றால், அக்காவுக்குக் காது மந்தம். சின்ன வயதில் இரண்டு காதிலும் சீழ் வடிந்து அப்படி ஆகிவிட்டது. அவளிடம் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். எனக்கோ கத்த வராது. ஆறாம் வகுப்பு வரை படித்தும் பள்ளியில் என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. அதனால் நாங்கள் வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வோம், பேன் பார்ப்போம். பேச்சு மட்டும் இருக்காது.

நான் கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தேன். எண்பதுகளில் ஒருநாள் எங்கள் வீட்டில் போன் வந்து உட்கார்ந்தது. என் கணவர் லாரி ஓட்டினார். நினைத்த நேரத்தில் அவரைக் கூப்பிட வேண்டும் என்று அவருடைய முதலாளி, அந்தத் தவுக்கேதான் ஏற்பாடு செய்தார். மணி அடித்தால் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். முகம் தெரியாத ஒரு குரலுக்கு என்ன பதில் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் கணவர் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், எங்கள் எல்லாருக்கும் மூத்த அண்ணன் அவள் முன்னால் போய் நின்று கத்தினார்.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு பாகான் செராய்க்கு வந்துரு! எங்க கூட இரு!"

அக்கா தலையாட்டினாள். எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் அந்தத் தலையாட்டல் பிடிபடவில்லை. சோறு போடவா என்றாலும் அவள் அப்படித்தான் ஆட்டுவாள்.

சில நாளில் அண்ணன் போன் போட்டார்; வீட்டில் வேறு ஆள் இல்லாததால் நான்தான் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை லாரியோடு போகிறாராம், அக்காவைச் சாமான்களைக் கட்டி வைக்கச் சொல்ல வேண்டுமாம். அக்கா இருந்த எஸ்டேட் முக்கில் நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் மளிகைக் கடை இருந்தது. அங்கே போன் உண்டு. வெகு நேரம் தயங்கிவிட்டு எண்ணைச் சுழற்றினேன்.

"நானா, அக்காகிட்ட ஒரு சேதி சொல்லணும்."

"உங்க அக்கா இங்கதான் நெத்திலி பொறுக்கிக்கிட்டு நிக்கிது. நீயே சொல்லேன்."

"அதுக்குக் கேக்காதே நானா."

"கேக்காட்டி போவுது. தங்கச்சி போன் போட்டுச்சுன்னு ஒரு சந்தோஷம்தான் லா."

ரிசீவரை அவள் காதில் அழுத்தி வைத்திருப்பார் போலிருக்கிறது. சரசரவென்று சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே மாதிரியில், மெதுவாக, "அக்கா" என்றேன்.

பிறகு அவள் குரல் வந்தது.

"என்னாடி, இவ்ளோ கிட்ட இருக்க?"

பக்கத்தில் உட்கார்ந்தபோதெல்லாம் கேட்காதவளுக்கு, இத்தனை மைல் தாண்டி, கம்பிக்குள் நுழைந்து போன என் குரல் கேட்கிறது! அது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கேக்குதாக்கா?"

"கேக்குது. உன் குரல் அம்மா குரல் மாதிரியே ஆயிருச்சு."

இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். பிறகு லாரி வருகிற சேதியைச் சொன்னேன்.

"லாரி எதுக்கு?"

"நீ பாகான் செராய் போறதுக்குத்தான்."

"நான் போறேன்னு யாரு சொன்னா?"

"நீதான் தலையாட்டுனியே."

"அவரு கத்துறத நிறுத்தட்டும்னு ஆட்டுனேன். அங்க போயி மூலையில உக்காரவா? எனக்கு இங்க மரம் சீவுற வேலை இருக்கு. மரம் எங்கிட்ட கத்துறதில்ல. நீ அண்ணன்கிட்ட சொல்லிரு."

அண்ணனிடம் நான் போய்ச் சொல்வதா? அவர் எதிரில் நிமிர்ந்துகூட நின்றதில்லை. அன்று பகலெல்லாம் போனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சாயங்காலம் அவர் வேலை செய்த அரிசி ஆலைக்குப் போட்டேன்.

"அண்ணே, அக்கா வரலையாம்."

"அவதான் சரின்னாளே."

"நீங்க போன்ல அவகிட்ட மெதுவா கேட்டுப் பாருங்க."

"செவிடிகிட்ட போன்லயா? உனக்கென்ன கிறுக்கா?"

நேரில் என்றால் அதோடு என் வாய் மூடியிருக்கும். அவர் முகம் தெரியாததால் இன்னொரு முறை சொல்ல முடிந்தது.

"கத்தாம கேளுங்கண்ணே. மெதுவா."

ஞாயிற்றுக்கிழமை லாரி போகவில்லை. அண்ணனே எனக்கு போன் போட்டார்.

"நானா கடைக்குப் போட்டு பேசுனேன். என்னையத் திட்டுறா லா! எல்லாம் கேக்குது அவளுக்கு!" அவர் குரலில் கோபமே இல்லை. ஏதோ கோயில் அற்புதத்தைப் பார்த்து வந்தவர் போலப் பேசினார்.

அக்கா எஸ்டேட்டிலேயே இருந்தாள். ஒவ்வொரு வாரமும் கடைக்கு வந்து என் போனுக்காகக் காத்திருப்பாள். காது கேட்காத பொம்பளை போனில் சிரிக்கிறதைப் பார்க்கவே ஆட்கள் கூடுவார்களாம்.

"டிக்கெட் போட்டா நான் பணக்காரனாயிருவேன்" என்பார் நானா.

இப்போது எஸ்டேட் இல்லை, அந்தக் கடையும் இல்லை. நான் நீலத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். தாமதமானாலும் என் மெல்லிய குரலை அது அழிப்பதில்லை. முகம் பார்த்துப் பேசலாம் என்று மகள் வீடியோவைப் போட்டுவிட்டாள். அந்தப் பக்கம் அக்காவின் மகள் போனை நீட்ட, அக்கா அதை வாங்கி நேரே காதில் அழுத்திக்கொண்டாள்.

"பெரியம்மா, மூஞ்சியக் காட்டுங்க!" என்று என் மகள் கத்தினாள்.

"மூஞ்சிய வச்சு என்னா செய்யிறது? பேச்சுதான் வேணும்" என்று அக்காவின் குரல் மட்டும் வந்தது.

திரை முழுக்க அக்காவின் காது. தேய்ந்த தோடு, நான்கைந்து வெள்ளை முடி. கம்பியும் இல்லாமல் என் கைக்குள் வந்திருந்த அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெதுவாக, "அக்கா" என்றேன்.

நீலம் வழக்கம்போலக் கொஞ்சம் தாமதித்தது. அப்புறம் தோடு ஆடியது. சிரிக்கிறாள்.