நாடு: இல்லை

சுனாமிக்குப் பின் ஆறாவது வாரம், போர்ட் பிளேரில் ஒரு பள்ளிக்கூட முகாமில் படிவம் நிரப்பும் வேலையில் அரசு எழுத்தரான என்னைப் போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இந்தி மட்டும் தெரிந்த மேலதிகாரி. எட்டரை மணிக்கு உட்கார்ந்தோம். நான்காவதாக வந்த பெண்மணி நிக்கோபாரின் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர். இலங்கை மலையகத்தில் பிறந்து, சிறு வயதில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அவர் கணவரின் பெயரைக் காணாமற்போனோர் பட்டியலில் எழுதினேன்.

அடுத்த கட்டம், நாடு.

"எந்த நாடும்மா?"

"நாங்க நாட்டாளுக இல்லீங்க ஐயா. தோட்டம்."

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். "தேஷ் நஹீ ஹை, சார்", நாடு இல்லையாம் என்றேன். "தோ நஹீ லிக் தோ", அப்படியானால் இல்லையென்றே எழுது என்று அவர் சிரித்தார். ‘இல்லை’ என்று எழுதினேன்.

நான்கு மாதம் கழித்து, போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் என் வாடகை வீட்டுக்கே அந்தப் பெண்மணி வந்தார்.

"எல்லாருக்கும் வீடு எழுதியாச்சு. எனக்கு மட்டும் நாடு இல்லைன்னு திருப்பிட்டாங்க. நீங்கதானே எழுதுனீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க?"

"நாடுன்னா தோட்டத்துக்கு வெளிய இருக்கிற சிங்கள ஊருங்க ஐயா. பலாக்கா வாங்க நாட்டுக்குப் போவோம். நான் நாட்டாளான்னு கேட்டா என்னத்த சொல்ல? படிச்சவங்க கேக்குற கேள்வியா அது?"

அப்போது தபால் வழியில் அரசியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். உலகம் முழுவதும் நாடுகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டது, எதிலும் சேராத மனிதர் ஒரு விதிவிலக்கு என்பது பாடம். இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் உட்கார்ந்து தோட்டத் தொழிலாளர்களைப் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தம் பதினைந்து மதிப்பெண் கேள்வி. நன்றாகவே எழுதியிருந்தேன்.

திருத்தத்துக்கு ஒரே வழி இருந்தது. அவருடைய இந்தியப் பாஸ்போர்ட்டை நேரில் பார்த்ததாக ஓர் அரசு ஊழியர் எழுதித் தர வேண்டும். பாஸ்போர்ட் கடலோடு போய்விட்டது. ஆனால் எண் அவருக்கு மனப்பாடம். முன்னெழுத்தோடு இரண்டு முறை சொன்னார், இரண்டும் ஒத்திருந்தன. பார்க்காத மழையை நாட்குறிப்பில் எழுதாதவன் நான். ஆனாலும் ‘நேரில் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

தாளை வாங்கி மடித்துக்கொண்டே கேட்டார்:

"இப்ப என்ன நாடுன்னு போட்டிருக்கீங்க?"

"இந்தியா."

"வீடு இங்கதானே குடுப்பாங்க? இந்தியான்னு மெயின்லேண்டுக்குக் கப்பலேத்திர மாட்டாங்களே?"

மாட்டார்கள் என்றேன். அப்படி உறுதி சொல்ல ஓர் ஆணையும் என்னிடம் இல்லை.