இன்னொருவாட்டியும் கட்டிங் வீலும்

அவனுக்கென்று ஒரு பெயர் உண்டுதான். படிவம் எதையாவது நிரப்பும்போது மனைவி அதை ஞாபகப்படுத்திக்கொள்வாள். மற்றபடி பட்டறையில் எல்லோருக்கும் அவன் ‘இன்னொருவாட்டி’. எந்த வேலையை முடித்தாலும் “எதுக்கும் இன்னொருவாட்டி பாத்துடலாம்” என்பான். வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போனவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு அதைக் கேட்டு வாங்கி மறுபடி படித்தான் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது பொய். ஆனால் கேட்டவர்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

பட்டறை மாமனாருடையது. இரும்புப் பைப்பை வெட்டி, ஒட்டி, பெஞ்சும் ஏணியும் கட்டிலும் செய்வார்கள். வெல்டிங் மாமனார், வெட்டுவது அவர் மகள், மெஷின்களைப் பார்த்துக்கொள்வது நம்மவன். மாமனாருக்குப் பாதுகாப்பு என்ற சொல்லே ஆகாது. “மெஷினுக்குப் பயப்படுறவன் பஞ்சு மெத்தை விக்கப் போகணும் மாப்பிள்ளை” என்பார். இவனும் சளைக்காமல், “மெத்தை தைக்கிற ஊசியும் குத்தும் மாமா” என்பான்.

பழைய கட்டிங் மெஷின் புகைந்து செத்துப்போய், புதியது வந்திறங்கிய காலை அது. ஓர் ஆஸ்பத்திரிக்கு இருபது பெஞ்சு வேண்டும். மாதிரிக்கு ஒன்றைப் பதினோரு மணிக்குள் கொண்டுபோய்க் காட்டினால் மற்றதும் கிடைக்கும். இல்லையென்றால் எதிர்ப்பட்டறைக்காரன் காத்திருக்கிறான். எட்டு மணிக்கே மாமனார் வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்னொருவாட்டி அவசரப்படவில்லை. மெஷினை மேசையில் வைத்து நான்கு போல்ட்டும் போட்டு முடுக்கினான். பிளக்கைச் சொருகாமல் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனை எழுப்பாமல் யாரும் கரண்ட் கொடுக்க முடியாது. பைப்பை அறுக்கும் வட்டக் கல்லான வீல் மேல் எழுதியிருந்த வேகத்தையும் மெஷின் வேகத்தையும் ஒப்பிட்டான். மேல்மூடி ஸ்பிரிங்கில் ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று தூக்கித் தூக்கி விட்டான். மெஷினில் அச்சடித்திருக்கும் கோணக் கோட்டை அவன் நம்புவதில்லை; மூலைமட்டத்தை வீலோடு சேர்த்து வைத்து, பைப் சாயும் தடுப்பை நேராக்கினான். பொறி பறக்கும் பக்கமிருந்த பெயின்ட் தின்னர் கேனை வாசலுக்குக் கொண்டுபோனான்.

“மாப்பிள்ளை, பெஞ்சு உக்காரத்தான். ராக்கெட் விடப்போறதில்ல!”

“இன்னும் ரெண்டே நிமிஷம் மாமா.”

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் சனி பிடித்தது. வீலைப் பிடித்து நிற்கும் வட்டத் தகட்டில் தூசி இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. ஏற்கெனவே துடைத்த இடம். மறுபடி வீலைக் கழற்றினான். எண்ணெய்க் கை. வீல் நழுவி, சிமென்ட் தரையில் விளிம்பு படும்படி விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது.

யாரும் பார்க்கவில்லை. மாமனார் போனில் கத்திக்கொண்டிருந்தார். மனைவி பைப்பில் அளவு குறித்துக்கொண்டிருந்தாள். கீழே விழுந்த வீலைத் தொடக்கூடாது, வெளியே தெரியாத விரிசல் சுற்றும்போது சிதறும் என்று பத்து வருஷமாக எல்லோர் உயிரையும் வாங்கியவன் இவன்தான். பெட்டியில் வந்தது இந்த ஒரே வீல். பழைய வீல்கள் சிறியவை, பொருந்தாது. கடை பத்து மணிக்குத் திறக்கும். பஸ்ஸில் போய் வரவேண்டும். சொன்னால் மானம் கப்பலேறும், ஆர்டரும் போகும்.

வீலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. மாட்டினான். ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிட்டான். அப்போது தான் மட்டும் நன்றாகத் தள்ளி நின்றுகொண்டான். நல்லபடியாகவே ஓடியது. ‘ஒன்றும் ஆகாது’ என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மாமனார் வாயில் வழக்கமாக வரும் வார்த்தை அது.

மனைவி வந்தாள். கண்ணாடி போட்டு, முடியைச் சட்டைக் காலருக்குள் செருகி, பைப்பைப் பிடியில் வைத்து இறுக்கினாள். தொங்கும் முனைக்கு முட்டுக்கொடுத்தாள். வீலை மட்டும் பார்க்கவேயில்லை.

“வீலப் பாக்கலையா?” என்றான்.

“நீங்க மாட்டினதுதானே? அதுல நான் என்னத்தப் பாக்க?”

அவள் விரல் சுவிட்சுக்குப் போவதற்குள் அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். “கீழ போட்டுட்டேன்,” என்றான். “நான்தான். வேணாம், தொடாத.” வீலைக் கழற்றி, சுத்தியலால் இரண்டு போடு போட்டு உடைத்தான். மறுபடி மனசு மாறிவிடுமோ என்று அவனுக்கு அவன் மேலேயே பயம்.

மாமனார் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. “இன்னொருவாட்டியே கீழ போட்டுட்டானாம்!” என்று வாசலில் நின்று எதிர்ப்பட்டறைக்கும் கேட்கும்படி அறிவித்தார். புது வீல் வந்து பெஞ்சு போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. ஆஸ்பத்திரி மேனேஜர் பத்து பெஞ்சை எதிர்ப்பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். மிச்சம் பத்துதான் இவர்களுக்கு. அதைச் சொல்லிச் சொல்லி மாமனார் மாலை வரை சிரித்தார், திட்டினார், மறுபடி சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. கடைசிப் பைப்பை வெட்டி முடித்து, கண்ணாடியைக் கழற்றினாள்.

“ஒண்ணு கேக்கவா?”

“கேளு.”

“இன்னிக்கு என் இடத்துல அப்பா வந்து நின்னிருந்தா, சொல்லியிருப்பீங்களா?”

அவன் வாயைத் திறந்தான். ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? “சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கிறேன்,” என்றான்.

பக்கத்தில் வெல்டிங் செய்துகொண்டிருந்த மாமனாரின் சிரிப்பு பாதியில் நின்றது. முகமூடியை மேலே தூக்கிவிட்டு, “நினைக்கிறீங்களா மாப்பிள்ளை?” என்றார்.